ஆபீசர் பங்கு

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். நான் உளறிக்கொட்டி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், லஞ்சம்ங்கிறது உலகம் பூரா பரவிக் கிடக்கு. ஒரு இன்ஸ்பெக்டரோட கையெழுத்துல அதுக்கு என்ன ஆகிடப் போகுது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சமோசாத் தட்டு வந்துவிட்டது. சமோசாவோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் பதிலை எழுதி அனுப்புகிறேன்.

பதில் என்றால் தத்துவம் எதுவும் இல்லை. எழுபதுகளில் புதுப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு காலை நேரம் நடந்த விஷயம். சரக்கை எப்படிச் சோதிப்பது, எவ்வளவு குளிரில் வைப்பது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் தொடப் போவதில்லை.

அப்போது வெளிநாட்டுக்குப் போகும் கடல் உணவைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் நான் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. செங்கல்பட்டில் ஒரு அறை. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போகும் பஸ்ஸில் வேலைக்குப் போவேன். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். பஸ்ஸில் பாதிப் பேர் இஞ்சினீயர்கள், மீதிப் பேர் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பும் பெண்கள். இரண்டு தரப்பும் ஒருவரைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்துக்கொள்வார்கள். நான் கூடைக்காரப் பெண்கள் பக்கம்தான் உட்காருவேன், அவர்களிடம்தான் செய்தி இருக்கும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்தக் குணத்துக்கு வீட்டில் திட்டு வாங்கினேன். அரசாங்கம் இதே குணத்துக்குச் சம்பளம் கொடுத்தது.

திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு தனியார் இறால் கம்பெனி இருந்தது. கடலோரக் குப்பங்களில் பிடிபடும் இறால் வேனில் அங்கே வரும். குப்பத்துப் பெண்கள் அதன் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்துத் தருவார்கள். பிறகு அது கட்டியாக உறைந்து, அட்டைப் பெட்டியில் அடைபட்டு, சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும். ஏறுவதற்கு முன்னால் நான் சில பெட்டிகளைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் கப்பல் ஏற முடியாது.

எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். பெயர் வேண்டாம். பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து, மூடியில் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பார். கம்பெனிக்காரன் இளநீர் வெட்டினால்கூடத் தொட மாட்டார். எந்த அடுக்குப் பெட்டிகளைத் திறப்பது என்று முந்தின நாளே அவர் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். அவற்றை முன்னாலேயே வாசல் பக்கம் எடுத்து வைத்தால், குளிர்க் கிடங்கின் கதவை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டியதில்லை என்பது அவர் சொன்ன காரணம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் இடி விழுந்தது. கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் எங்கள் சரக்கை இறக்க மறுத்துவிட்டார்கள். பெட்டிகளில் அழுகல், நாற்றம், ஊறிப்போன இறால். இனி இந்தக் கரையிலிருந்து எந்தச் சரக்கும் தங்கள் துறைமுகத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்; மற்றத் துறைமுகங்களுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. சான்றில் இருந்தது என் கையெழுத்து. விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. விளக்கம் சரியில்லாவிட்டால் வேலை போகும் என்பதை மிக மரியாதையான இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள்.

பயந்தேனா என்றால் பயந்தேன். ஆனால் பயத்தைவிடக் குடைச்சல்தான் அதிகம். நான் திறந்த பெட்டிகள் எல்லாம் அன்று பிடித்த இறால், பளபளவென்று இருந்தவை. கப்பலில் குளிர்ச்சி போயிருந்தால் எல்லாப் பெட்டியும் கெட்டிருக்க வேண்டும். அவர்கள் அறிக்கையிலோ சில பெட்டிகள் நன்றாக இருந்தன, மற்றவை நாறின என்று இருந்தது. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் காப்பாற்றும் கப்பல் எங்கே இருக்கிறது?

சீனியரிடம் கேட்டேன். "கப்பல்ல கரண்டு போயிருக்கும்னு எழுதிடும்மா. யார் போய்ப் பாக்கப் போறா?" என்று சொல்லி மூடியில் காப்பி ஊற்றினார். காப்பியைக் குடித்துவிட்டு, மெமோவைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, இறால் புறப்படும் இடத்திலிருந்து பார்ப்போம் என்று கிளம்பினேன்.

பஸ்ஸில் எனக்குப் பழக்கமானவள் அஞ்சலை. புதுப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போவான், இவள் அதே கம்பெனியில் இறால் உரிப்பாள். என் வயதுதான் இருக்கும். நான் மெமோ விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் அவள் தன் கதையைக் கொட்டினாள். மழை நன்றாகப் பெய்து, பாலாற்று முகத்துவாரம் திறந்து, வெள்ளிறால் வந்திறங்கிய நேரம் அது. அந்தச் சில வாரங்களை நம்பித்தான் குப்பத்தில் வலை வாங்குவதும் கூரை மாற்றுவதும். சரக்கு திரும்பி வந்த செய்தியைச் சொல்லிக் கம்பெனி விலையைக் குறைத்துவிட்டது. போதாததற்கு, கரையில் இறால் எடுக்கும் கம்பெனி ஏஜெண்டு வரதன், கட்டுமரத்துக்கு ஒரு கூடை சும்மா எடுத்துக்கொண்டு போகிறானாம்.

"சும்மான்னா?"

"ஆபீசர சரிக்கட்டணும், இல்லாங்காட்டி பொட்டி கப்பல் ஏறாதுன்றான்" என்றாள் அஞ்சலை. என் முகத்தைப் பார்த்து, "நீ மூஞ்ச ஏன் அப்டி வச்சிக்கினுகீற? ஊர்ல பேசி ஒரு முடிவு பண்ணிகீறாங்கோ. நாளிக்கு விடிகாலைல கரைக்கு வா. உனக்கு ஒரு மரியாத கீது" என்றாள்.

என்ன மரியாதை என்று எவ்வளவு குடைந்தும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

அந்தக் கரையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கட்டுமரம் கரையேறும்போது யார் கை கொடுத்து இழுத்தாலும் அவருக்குக் கறிக்கு மீன் உண்டு. வழிப்போக்கன் கை வைத்தாலும் உண்டு. கோயிலுக்குப் பங்கு உண்டு, கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்குப் பங்கு உண்டு. எல்லாமே மணலில், எல்லார் கண்ணெதிரே, ஏலத்துக்கு முன்னால் பிரியும். அந்தப் பங்கு வாங்குவதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. கொடுப்பதில் யாரும் பெருமை பேசுவதும் கிடையாது.

நான் போனபோது மரங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. அலை பெரிதாக இருந்தது. ஒவ்வொரு மரத்திலிருந்தும் இறாலை அள்ளி மூன்று குவியலில் போட்டார்கள். குப்பத்தின் தலைவரை நாட்டார் என்பார்கள். எல்லப்பன் என்று பெயர், ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். அவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"இது கங்கையம்மாவுக்கு. இது ஆம்பள இல்லாத வூடுங்களுக்கு." மூன்றாவது குவியல் மற்ற இரண்டையும் விடப் பெரியது. "இது ஆபீசர் பங்கு. அம்மா, வந்து வாங்கிக்கோங்கோ."

கரையில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் கேலி இல்லை. ஒரு பெண் எனக்கென்று புதுப் பனையோலைக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

எல்லப்பன் பொறுமையாக விளக்கினார். "வரதன் எட்த்துனு போறதுல உங்க கைக்கு எவ்ளோ வருது, அவன் வூட்டுக்கு எவ்ளோ போவுதுன்னு எங்களுக்குத் தெர்ல. நடுவுல ஒரு ஆளு இன்னாத்துக்கு? ஊர் கூடிப் பேசனோம். கோயிலுக்குக் குடுக்கறா மாரி உங்களுக்கும் நேரா குட்த்துடலாம்னு முடிவு."

இந்த வேலையில் லஞ்சத்தைப் பல உருவத்தில் பார்த்திருக்கிறேன். கோயில் பங்குக்கும் ஆளில்லாத வீட்டுப் பங்குக்கும் அடுத்து, பகிரங்கமாக, ஊர்த் தீர்மானத்தோடு, ஓலைக் கூடை சகிதமாக வந்த லஞ்சம் அது ஒன்றுதான். அவர்கள் மனதில் அது தப்பே இல்லை. திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வாங்கினால் என் கதை முடிந்தது. வேண்டாம் என்றால், ஆபீசருக்கு ஊர்மேல் கோபம், இனி பெட்டி கப்பல் ஏறாது என்று நினைப்பார்கள். நான் தயங்கி நின்றதைப் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல், "பத்தலபோல கீதுபா, இன்னும் ரெண்டு கை போடு" என்றது. இரண்டு பேர் உண்மையிலேயே அள்ளிப் போட்டார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மணலில் கிடக்கும் இறால் அதிக நேரம் தாங்காது.

என்ன செய்வதென்று தெரியாதபோது நான் கேள்வி கேட்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

"நாட்டாரே, கோயில் பங்கு எதுக்குன்னு புரியுது. இது எதுக்கு?"

"நீங்கோ பொட்டி தொறந்து பாக்கறீங்கோ இல்ல, அதுக்கு."

"அதுக்கு எனக்குச் சம்பளம் வருதே."

"அத்த நாங்களும் கேட்டோம். சம்பளம் வேற, பங்கு வேறன்னு வரதன் சொல்லிட்டான்."

இதற்குள் அஞ்சலைக்குக் கோபம் வந்துவிட்டது. மரியாதை செய்ய அழைத்தால் நான் நின்று வக்கீல் மாதிரிக் கேள்வி கேட்கிறேன் என்ற கோபம். "உனக்கு நாங்க இன்னா கொற வச்சோம்? கம்பெனில உன் பொட்டிக்குன்னு எவ்ளோ பாத்துப் பாத்துப் போடறோம் தெரியுமா?"

"என் பெட்டியா? எது என் பெட்டி?"

"இன்னா கேக்கற நீ? மொத நாளு சாயங்காலமே மேஸ்திரி சொல்லிடுவாரு, இந்த அடுக்கு ஆபீசரம்மாவுதுன்னு. நம்ப கரை எறாவுல நல்லதா, ஒரே சைசா பொறுக்கி அதுல வெப்போம். சாமிக்கு மொதல்ல எட்த்து வெக்கறதில்ல? அப்டித்தான்."

"மத்தப் பெட்டியில?"

"லாரில எங்கெங்கேயோ இருந்து பழசு வரும். தண்ணில ஊறப்போட்டு உப்ப வச்சிடுவாங்கோ. நாத்தம் கொடலப் புடுங்கும். வெள்ளக்காரன் அப்டித்தான் துன்னுவானாம், நமக்குக் கருவாடு மாரி அவனுக்கு அதுன்னு மேஸ்திரி சொன்னாரு."

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்கள் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் பங்கு சாமிக்கு என்று பழகிய கைகள், ஆபீசருக்கும் பக்தியோடு முதல் பங்கு எடுத்து வைத்திருக்கின்றன. நான் அந்தப் படையலைத் திறந்து பார்த்து, பலே என்று சொல்லி, மொத்தச் சரக்குக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

யாரும் எனக்கு லஞ்சம் கொடுக்கத் துணிந்ததில்லை என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது உண்டு. கொடுக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. கை சுத்தமான ஒரு ஆளின் கையெழுத்து இருந்ததால்தான் அந்தக் குப்பை கடல் தாண்டியிருக்கிறது. இளைஞர்களே, இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊழல் கெட்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பதில்லை. நடுவில் எங்கேயாவது ஒரு நல்லவர் அதற்குக் கட்டாயம் தேவைப்படுகிறார்.

எந்த அடுக்கு என்பது முந்தின நாளே தெரிந்த ஒரே ஆள் சீனியர். பிளாஸ்க் மூடியில் அவர் ஊற்றிக் கொடுத்த காப்பி நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அஞ்சலை பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "பங்கு வாணான்னா வுடு, அத்துக்கு ஏன் அழுவற" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வரதனின் வேன் வந்து நின்றது.

எல்லப்பன் அவனை முகமலர்ச்சியோடு வரவேற்றார். "வா வரதா. நீ கேக்கற பங்கு இதோ கீது. இனிமே நீ தூக்கினு அலைய வாணாம். யாருக்குப் போவுதோ அவங்கள இங்க வரச் சொல்லு, ஊர் முன்னாடி குட்த்துடறோம்."

வரதன் குவியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரிக்க முயன்றான். "அம்மாதான் இங்கியே இருக்காங்களே, அவங்களாண்டயே குடுத்துடுங்க."

"இத்தனை நாள் எனக்குன்னு எடுத்துட்டுப் போனதை யார்கிட்ட குடுத்தீங்க வரதன்?" என்று கேட்டேன்.

வரதன் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். "தனியா பேசலாம்மா" என்றான். "இங்கயே பேசலாம், அவங்க எறாதானே" என்றேன். அவனுக்கும் பொறுமை போய்விட்டது. அவனும் சம்பளக்காரன்தான். எல்லாப் பக்கத்திலும் இடி வாங்குகிறவன்.

"நான் ஒருத்தன் துன்னு கொழுத்துட்டேன்னு நெனச்சிக்கினீங்களா? மேஸ்திரிக்குப் போவுது. உங்க ஆபீஸ்லயே பெரியவருக்குப் போவுது. ஹார்பர்ல ஒருத்தருக்கு, கப்பல்ல ஒருத்தருக்கு. அந்தாண்ட எறக்கற எடத்துல ஒரு வெள்ளக்காரன், வாங்கிக்கினு கண்ண மூடிக்குவான். இந்த வாட்டி அவன மாத்திட்டு வேற ஆளப் போட்டுட்டானுங்கோ. அதான் சரக்கு திரும்பிச்சி. சரக்கு எப்பவும் இதே சரக்குதான்."

எனக்கு இருந்த குடைச்சல் தீர்ந்தது. தீர்ந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. எப்பவும் இதே சரக்கு என்றால், திரும்பி வராத சரக்கெல்லாம் எங்கே போனது? அந்த ஊர் வீடுகளில் யாரோ வாங்கிப் போய்ச் சமைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு என்ன ஆனதோ, நமக்குத் தெரியவே போவதில்லை.

எல்லப்பன் மட்டும் பதற்றப்படவில்லை. "அப்டியா. அவ்ளோ பேர் கீறாங்களா. தெரிஞ்சிருந்தா அவங்களுக்கும் வச்சிருப்பமே" என்றார். நிஜமாகச் சொன்னாரா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே கிடந்த துடுப்பை எடுத்து மணலில் கோடு போட்டார். ஏலத்துக்கு வைத்திருந்த மொத்த இறாலையும் அங்கே கொட்டச் சொன்னார்.

"இது மேஸ்திரி. இது வரதன். இது பெரிய ஆபீசரு. இது ஹார்பர்காரரு. இது கப்பல்காரரு." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குவியல். "கண்ண மூடிக்கறவரு தூரத்துல கீறாரு, கொஞ்சம் ஜாஸ்தியா போடு. அவருக்கு மேல யாராச்சும் கீறாங்களா வரதா?"

வரதன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருப்பாங்கோ. பேர் தெரியாதவருக்கு ஒன்னு போடு."

முதலில் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் போகப் போகச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் பிரித்து முடித்தபிறகு, "கடலுக்குப் போனவன் பங்கு" என்றார் எல்லப்பன். மணலில் மிச்சம் இருந்தது இரண்டு கையில் அடங்கும். அந்த நேரம் அஞ்சலையின் புருஷன் கரையேறி வந்துகொண்டிருந்தான். அலையில் மரம் கவிழ்ந்து, தோளெல்லாம் சிராய்ப்பு, உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. வரிசையாக இருந்த குவியல்களைப் பார்த்தான், கடைசியில் இருந்ததைப் பார்த்தான்.

"இன்னாபா இது, எனுக்கு இவ்ளோதானா?" என்று கேட்டான்.

அஞ்சலை எழுந்தாள். என் பக்கத்தில் கிடந்த ஓலைக் கூடையை எடுத்துக்கொண்டு போய், பேர் தெரியாதவர் குவியலை இரண்டு கையாலும் வாரி அதில் போட்டாள். "வந்து கேக்கட்டும். மூஞ்சப் பாத்துட்டு அப்பால குடுக்கலாம்." அடுத்து இன்னொரு பெண் எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாக் குவியலும் கூடைக்குத் திரும்பிவிட்டது, கோயில் பங்கும் ஆளில்லாத வீடுகளின் பங்கும் தவிர.

எல்லப்பன் வரதனிடம் தீர்ப்பைச் சொன்னார். "இனிமே யாருக்குப் பங்கு வோணுமோ அவங்க கரைக்கு வந்து, எங்க கையால வாங்கிக்கணும். வராதவங்களுக்குக் கெடையாது. அது வரைக்கும் உன் வேன்ல எறா ஏறாது."

வேன் காலியாகத் திரும்பியது. இத்தோடு வெற்றி என்று கொண்டாட வேண்டாம். அன்றைய இறாலைப் புதுப்பட்டினம் சந்தையில் வந்த விலைக்குக் கொட்டினார்கள். கல்பாக்கம் குடியிருப்பில் அன்று எல்லார் வீட்டிலும் இறால் தொக்கு மணத்திருக்கும். விற்காததைக் காய வைத்தார்கள். வரதனோ அடுத்த குப்பத்துக்குப் போய் வேனை நிரப்பிக்கொண்டான். பக்கத்துக் குப்பம் பிழைக்க, இவர்கள் மட்டும் அந்தப் பருவத்தின் நல்ல நாட்களை இழந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குள்ளேயே எல்லப்பனைத் திட்ட ஆரம்பித்தார்கள். நாட்டாருக்கு வீம்பு, நமக்குப் பட்டினி என்று அஞ்சலையின் புருஷனே என் காதுபடச் சொன்னான்.

எல்லப்பன் கரையோரமாகவே தெற்கே நடந்தார், கடப்பாக்கம் வரைக்கும். ஒவ்வொரு குப்பத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான்: அவங்களுக்கும் பங்கு வச்சிப் பாருங்கோ, மணல்ல வச்சிப் பாருங்கோ. யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. வைத்துப் பார்த்த குப்பங்கள் ஒவ்வொன்றாக வேனைத் திருப்பி அனுப்பின. நல்ல இறால் இல்லாமல் என்னுடைய படையல் பெட்டியைக்கூடக் கம்பெனியால் நிரப்ப முடியவில்லை. அதன் பிறகுதான் கம்பெனி முதலாளியே கரைக்கு வந்து பேசி, சும்மா எடுக்கும் கூடையையும் லாரியில் வரும் பழசையும் நிறுத்தினார்.

நான் மெமோவுக்குப் பார்த்ததைப் பார்த்தபடி பதில் எழுதினேன். அதே விவரத்தை, முறையாக அனுமதி வாங்கி, சரக்கைத் திருப்பி அனுப்பிய அந்தத் துறைமுகத்தின் புது அதிகாரிக்கும் அனுப்பினோம். அவரும் தன் அலுவலகத்தில் தனியாக மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறார். எந்தப் பெட்டியை நாங்கள் திறந்தோம் என்று அவருக்குச் சொல்வது, அவர் எதைத் திறந்தார் என்று எங்களுக்குச் சொல்வது என்று ஏற்பாடு ஆனது. நம் நாட்டின் மற்றத் துறைமுகங்களில் இருந்த இன்ஸ்பெக்டர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மனிதரின் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை. ஆனால் என்னோடு வேலை செய்த நல்ல சகாக்களில் அவரும் ஒருவர் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

சீனியரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். பிறகு மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது, நான் போகவில்லை. அவரை நினைத்தால் இப்போதும் கோபமும் வருத்தமும் சேர்ந்துதான் வருகிறது.

சோதனைக்காக ஒரே ஒரு தடவை சரக்கு அனுப்பலாம் என்று அந்தத் துறைமுகம் ஒப்புக்கொண்டது. அதிலும் அழுகல் இருந்தால் இந்தக் கரைக்குக் கதவு சாத்தியதுதான். இந்தத் தடவை எந்த அடுக்கு என்று யாருக்கும் முன்னால் சொல்லவில்லை. கம்பெனி வாசலில் டயர் பஞ்சராகி ஒரு பஸ் நின்றிருந்தது. அதன் கண்டக்டரைக் கூப்பிட்டு, கிடங்கைக் காட்டி, இஷ்டப்பட்ட பெட்டியைக் கை காட்டுங்கள் என்றேன். மனிதர் குழம்பிப்போய், டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டினார்.

திறந்தேன். நல்ல இறால். அடியில் இருந்ததைத் திறந்தேன், நல்ல இறால். மூலையில் ஒளிந்திருந்ததையும் இழுத்துப் பிரித்தேன். எல்லாமே அன்று பிடித்தவை, ஒரே அளவு. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், எனக்கோ சந்தேகம்தான் வந்தது. நேராக உரிப்புக் கொட்டகைக்குப் போய் அஞ்சலையைப் பிடித்தேன்.

"எது என் பெட்டின்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாருமே சொல்லல. அதான் பேஜாரா போச்சி" என்றாள். "எது உன்னுதுன்னு தெர்ல. அதான் எல்லாமே உன் பொட்டின்னு நெனச்சி வச்சிட்டோம்."

சொல்லிவிட்டுக் கையை விரித்துக் காட்டினாள். ஐஸிலும் ஓட்டிலும் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்து, சதை தெரிந்தது. சுற்றி இருந்த பெண்கள் எல்லாருடைய கையும் அப்படித்தான். "ஒரு அடுக்குக்குப் பாத்துப் பாத்து வெக்கறது வேற, எல்லாத்துக்கும்னா இந்தக் கை போதாது. ஆளு சேருன்னு கேட்டா மேஸ்திரி மொறைக்கறான். நீ கையெழுத்துப் போடறதுக்கு முந்தி அத்தக் கேளு."

வெளியே லாரி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் சான்றை மேஜையில் விரித்து வைத்துக் காத்திருந்தார். பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் அந்த நிமிஷமே ஆள் சேர்த்திருப்பார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சரக்கு நன்றாக இருக்கிறது, கையெழுத்து அதற்கு உரியது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, எவ்வளவு நல்ல காரியத்துக்காகப் பேரம் பேசினாலும், அதுவும் ஆபீசர் பங்குதான். முதலில் கையெழுத்தைப் போட்டேன். லாரி கிளம்பிப் போனது. அப்புறம் கேட்டேன்.

பின்னாலேயே வந்திருந்த அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். "போட்டுட்டுக் கேக்கறியே, இனிமே இவன் குடுப்பானா?"

மேனேஜர் சான்றின் நகலைப் பத்திரமாக மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். முகத்தில் நிம்மதி. "பாக்கலாம் மேடம், அடுத்த வருஷம் யோசிக்கலாம்" என்று சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்தி, என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். கொட்டகையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஈரக் கையோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மேஜைகளில் அடுத்த சரக்குக்கான இறால் உரிக்க ஆளில்லாமல் கிடந்தது.

மேனேஜர் அதற்கப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. "எத்தினி பேர் வேணும்?" என்று அஞ்சலையைக் கேட்டார்.